பந்துவீச்சாளரை அலகிடுதல்

வெம்பக்கோட்டைக்கு அருகில், வைப்பாற்றின் வடகரையில் உள்ள விஜயகரிசல்குளம் மேட்டில் 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் தமிழகத் தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. சங்கு வளையல்களும் பாசிமணிகளும் கிடைத்ததைச் செய்தித்தாள்கள் பெரிதாக எழுதின. நம்மை ஈர்த்தவை வேறு: சுடுமண்ணால் ஆன ஆட்டக்காய்களும் வட்டச் சில்லுகளும். அப்பால் கீழடியில் பகடைக்காய்களும் கிடைத்திருக்கின்றன. சில்லு ஆடுபவனுக்குக் காலும் கண்ணும் வேண்டும். பகடை உருட்டுபவனுக்குக் கை இருந்தால் போதும். திறனால் வெல்வதும் தற்செயலால் வெல்வதும் வேறு வேறு என்பது அந்த ஆட்டங்களை ஆடியவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். நமக்குத்தான் அடிக்கடி மறந்து போகிறது.

இதை எழுத நேர்ந்த காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுவது முறை. சில ஆண்டுகளுக்கு முன் நம் வகுப்பு மாணவர் ஒருவர் தேர்வுக் கட்டணம் செலுத்தாமல் நின்றார். தந்தையார் பட்டாசு ஆலையில் கூலி வேலை பார்ப்பவர். கட்டணத்துக்கென்று அவர் கொடுத்த பணத்தை மகன் கைப்பேசியில் கற்பனை அணி அமைக்கும் பந்தயத்தில் விட்டிருந்தான். நாம் கடிந்துகொண்டபோது அவன் தலையைக் குனியவில்லை. ஒரு நோட்டை எடுத்து நீட்டினான். அதில் முப்பது நாற்பது பந்துவீச்சாளர்களின் சராசரிகள் கட்டம் கட்டி எழுதப்பட்டிருந்தன. "ஐயா, நான் சூதாடல. கணக்குப் போட்டுத்தான் எடுத்தேன்" என்றான். கணக்குப் போட்டிருந்தான் என்பது உண்மை. அந்தக் கணக்கு எதை அளக்கிறது என்பது அவனுக்கும் தெரியவில்லை, தமிழ் படித்த நமக்கும் அன்று தெரியவில்லை. அதைத் தேடிப் போன வழியில் சேர்ந்த செய்திகளே இவை.

பந்துவீச்சாளரை எண்ணால் அளப்பது பழைய வழக்கம். விட்டுக்கொடுத்த ஓட்டங்களை வீழ்த்திய விக்கெட்டுகளால் வகுத்தால் சராசரி. ஒரு விக்கெட்டுக்கு எத்தனை பந்து என்பது ஸ்டிரைக் ரேட். ஓர் ஓவருக்கு எத்தனை ஓட்டம் என்பது எகானமி. கடைசி இரண்டையும் பெருக்கி ஆறால் வகுத்தால் முதலாவது வந்துவிடும். ஆகவே மூன்று எண்கள் இருப்பதுபோல் தோன்றினாலும் உள்ளே இருப்பவை இரண்டே.

இந்தக் கணக்கு கடல் கடந்து பேஸ்பால் ஆட்டத்துக்குள் புகுந்த கதை சுவையானது. ஹென்றி சாட்விக் 1824இல் இங்கிலாந்தின் எக்சிட்டர் நகரில் பிறந்தவர். சிறுவயதில் குடும்பத்தோடு நியூயார்க்கின் புரூக்ளினுக்குப் பெயர்ந்தவர். கிரிக்கெட் செய்தியாளராக எழுதிக்கொண்டிருந்த அவரே, பேஸ்பால் ஆட்டத்தைக் கட்டம் போட்டு எண்களாகப் பதியும் முறையைப் பரப்பினார். கிரிக்கெட் ஏட்டிலிருந்து போன பழக்கம் அங்கே தழைத்து, நூற்றைம்பது ஆண்டு கழித்து வேறு உருவில் நம்மிடம் திரும்பி வந்திருக்கிறது.

நம் பக்கத்துக் கணக்கை 1934 நவம்பர் 4ஆம் நாளிலிருந்து தொடங்கலாம். ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் அன்று சேப்பாக்கத்தில் நடந்தது, சென்னைக்கும் மைசூருக்கும். முதல் பந்தை வீசியவர் எம்.ஜே. கோபாலன். மைசூர் 48, சென்னை 130, மறுபடி மைசூர் 59. ஒரே நாளில் ஆட்டம் முடிந்து இன்னிங்ஸ் வெற்றி. ஏ.ஜி. ராம்சிங் 19 ஓட்டங்களுக்கு ஆறு, பின்னர் 16 ஓட்டங்களுக்கு ஐந்து என்று 35 ஓட்டங்களில் பதினொரு விக்கெட்டுகளை எடுத்தார். அன்று மாலை ஒருவர் ரஞ்சிக் கோப்பைச் சராசரிப் பட்டியல் தயாரித்திருந்தால் ராம்சிங்கின் பெயருக்கு நேரே 3.18 என்று எழுதியிருப்பார். அந்த எண்ணில் பிழையில்லை. அதை வைத்து அடுத்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்லத் துணிந்தால்தான் பிழை வரும். ராம்சிங் பெரிய வீரர் என்பது வேறு செய்தி. அதிகாரபூர்வமான டெஸ்ட் ஒன்றில்கூட அவருக்கு வாய்ப்புக் கிட்டவில்லை. மகன்கள் கிருபால் சிங்கும் மில்கா சிங்கும் இந்தியாவுக்கு ஆடினர்.

ஒரு நாள் எண்ணை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அதே சேப்பாக்கம் இன்னொரு சான்று தந்தது. 1988 ஜனவரியில் நரேந்திர ஹிர்வானி தம் முதல் டெஸ்டில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 136 ஓட்டங்களுக்குப் பதினாறு விக்கெட்டுகள் எடுத்தார். அறிமுக ஆட்டத்தில் அதற்குமேல் சிறந்த கணக்கு உலகில் எவருக்கும் இல்லை. முதல் நான்கு டெஸ்டுகளில் 36 விக்கெட்டுகள். அதற்குப்பின் ஆடிய பதின்மூன்று டெஸ்டுகளில் 30. ஹிர்வானி திடீரென்று பந்துவீச மறந்துவிட்டார் என்று நாம் நம்பவில்லை. அந்த ஆடுகளம் சுழலுக்கென்றே அமைந்திருந்தது. விக்கெட் காப்பாளர் கிரண் மோரே அந்த ஆட்டத்தில் ஆறு ஸ்டம்பிங் செய்தார். அவற்றுள் பெரும்பாலானவை ஹிர்வானியின் பந்தில். பதினாறு என்று நாம் சொல்லும் எண்ணில் களத்துக்கும் மோரேயின் கைகளுக்கும் பங்கு உண்டு. ஏட்டில் பங்கு பிரிப்பதில்லை.

சென்னையில் நடந்த மூன்றாவது நிகழ்ச்சி இவ்விரண்டுக்கும் நேர் எதிரானது. 1964 ஜனவரியில் கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் இங்கிலாந்துக்கு எதிராக பாபு நட்கர்னி 32 ஓவர் வீசினார். 27 ஓவர்களில் ஓட்டமே இல்லை. தொடர்ந்து 21 மெய்டன். கொடுத்தது மொத்தம் ஐந்து ஓட்டம். விக்கெட் இல்லை. இவருடைய அன்றைய சராசரி என்ன? ஐந்தைச் சுழியால் வகுக்க முடியாது. கணக்கு அங்கே கைவிரித்துவிடுகிறது. விக்கெட்டை மட்டும் எண்ணும் பட்டியலில் அந்த நாள் முழுவதும் வெற்றிடம். எதிரணியில் பலர் வயிற்றுக் கோளாறால் படுத்திருந்தார்கள், ஆடியவர்கள் தடுப்பதையே நோக்கமாக வைத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அப்படியும் 131 பந்துகள் தொடர்ந்து ஓட்டமில்லாமல் வீசுவதைத் தற்செயல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இங்கே நம் தொழில் குறுக்கிடுகிறது, பொறுத்தருள்க. வெண்பாவை அலகிடப் பழகிய மாணவன் நேர், நிரை என்று பிரித்துத் தளை தட்டாமல் இருக்கிறதா என்று சொல்லிவிடுவான். பிழையற்ற வெண்பாவெல்லாம் கவிதையா என்று கேட்டால் விழிப்பான். அதற்காக அலகிடுவதே வீண் என்று நாம் ஒருநாளும் வகுப்பில் சொன்னதில்லை. அலகு எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதைச் சொல்லிக்கொடுத்தால் போதும். பந்துவீச்சுச் சராசரியும் அத்தகையதே.

எஸ். வெங்கடராகவனை எடுத்துக்கொள்வோம். நால்வர் என்று புகழ்பெற்ற சுழற்பந்துக் கூட்டத்தில் அவர் ஒருவர். பேடிக்கு 266 விக்கெட்டுகள், சராசரி 28.71. சந்திரசேகருக்கு 242, 29.74. பிரசன்னாவுக்கு 189, 30.38. வெங்கட்டுக்கு 57 டெஸ்டுகளில் 156, 36.11. பட்டியலைப் பார்ப்பவர் கடைசிப் பெயரை அடித்துவிடுவார். சற்றுப் பிரித்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. சந்திரசேகர் ஏறத்தாழ 66 பந்துக்கு ஒரு விக்கெட் எடுத்தார், ஓவருக்கு 2.7 ஓட்டம் கொடுத்தார். வெங்கட்டுக்கு ஒரு விக்கெட்டுக்கு 95 பந்து தேவைப்பட்டது. கொடுத்ததோ ஓவருக்கு 2.27. ஒருவர் உடைப்பவர், மற்றவர் அடைப்பவர். அணிக்கு இருவரும் வேண்டும். ஆனால் வெங்கட் வீழ்த்திய விக்கெட்டுகள் குறைவு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. தமிழர் என்பதற்காக எண்ணை வளைப்பது நமக்கு உடன்பாடில்லை. 

அதைவிட நம்மை வருத்துவது வி.வி. குமாரின் கணக்கு. முதல்தர ஆட்டங்களில் 599 விக்கெட்டுகள், சராசரி 19.98. 1961இல் தில்லியில் பாகிஸ்தானுக்கு எதிரான முதல் டெஸ்டில் ஓர் இன்னிங்ஸில் 64 ஓட்டங்களுக்கு ஐந்து, மறு இன்னிங்ஸில் இரண்டு. அடுத்து இங்கிலாந்துக்கு எதிராக ஒரு டெஸ்ட், விக்கெட் இல்லை. அத்தோடு முடிந்தது. 599ஐ ஒரு பக்கமும், விக்கெட் இல்லாத அந்த ஒரு டெஸ்டை மறுபக்கமும் வைத்தால் தராசு எப்பக்கம் சாய வேண்டும் என்று சொல்லப் புள்ளியியல் பட்டம் தேவையில்லை.

களத்தடுப்பின் பங்கைத் தனியே பிரிக்க முடியுமா என்ற கேள்விக்குத் துணிச்சலான விடை பேஸ்பாலிலிருந்து வந்தது. 1980இல் டேனியல் ஓக்ரெண்ட் என்னும் பத்திரிகையாளரும் நண்பர்களும் நியூயார்க்கில் லா ரோட்டிசரி என்ற பிரெஞ்சு உணவகத்தில் கூடிப் பேசி, உண்மையான வீரர்களின் எண்களை வைத்துக் கற்பனை அணி நடத்தும் ஆட்டத்தை உருவாக்கினர். அந்த ஆட்டப் பித்து முற்றியவர்களுள் வோரோஸ் மெக்ராக்கன் ஒருவர். எந்தப் பந்துவீச்சாளரைத் தம் கற்பனை அணிக்கு எடுப்பது என்று துருவிக்கொண்டிருந்தவர், 2001இல் ஒரு முடிவை வெளியிட்டார்: மட்டையில் பட்டுக் களத்துக்குள் விழும் பந்து பிடிபடுமா, தப்புமா என்பதில் வீசியவருக்குள்ள பிடிமானம் மிகச் சிறிது; ஆண்டுக்காண்டு அது தாறுமாறாக மாறுகிறது. களத்தடுப்பாளர் தலையிடாத விளைவுகளை மட்டும் எண்ணினால் அடுத்த ஆண்டை இன்னும் நன்றாகக் கணிக்கலாம். முதலில் நகைத்தார்கள். பிறகு சரிபார்த்தார்கள், விதியைச் சற்றுத் தளர்த்த வேண்டியிருந்தது, ஆனால் அடிப்படை நின்றது.

கிரிக்கெட்டுக்கு இதை அப்படியே பெயர்க்க இயலாது. மட்டையின் ஓரத்தைத் தொடவைத்து அருகே நிற்பவர் கையில் சேர்ப்பது சுழற்பந்துக் கலையின் உயிர். அந்தக் கை யாருடையது என்பதும் முக்கியம். ஏக்நாத் சோல்கர் 27 டெஸ்டுகளில் 53 பிடிகள் பிடித்தார். பெரும்பாலும் மட்டையாளரின் மூச்சுப்படும் தூரத்தில் நின்று. நால்வரின் சராசரிகளுக்குள் சோல்கரின் விரல்கள் மறைந்திருக்கின்றன. எல்பிடபிள்யூ, போல்டு முறைகளில் விழும் விக்கெட்டுக்குக் கற்பனை அணி நிறுவனங்கள் கூடுதல் புள்ளி வைத்ததும் ஏறக்குறைய இதே எண்ணத்தில்தான் இருக்க வேண்டும். வீழ்த்தப்பட்டவர் எத்தகைய மட்டையாளர் என்பதையும் எடைபோடும் தரவரிசை 1987இல் டெலாய்ட் பெயரில் இங்கிலாந்தில் வந்தது. பதினொன்றாமவனை வீழ்த்துவதும் கவாஸ்கரை வீழ்த்துவதும் ஒன்றல்ல என்று ஏட்டில் ஏற அத்தனை காலம் ஆயிற்று.

இடத்தைப் பற்றியும் ஒரு சொல். அஸ்வின் 2024 டிசம்பரில் ஓய்வு பெற்றபோது 106 டெஸ்டுகளில் 537 விக்கெட்டுகள், சராசரி சரியாக 24. இந்திய மண்ணில் 65 டெஸ்டுகளில் 383, சராசரி 21.57. வெளியே 41 டெஸ்டுகளில் 154, சராசரி 30ஐ ஒட்டி. 24 என்ற எண்ணில் ஓர் அஸ்வினும் இல்லை; சேப்பாக்கத்து அஸ்வினும் செஞ்சூரியன் அஸ்வினும் கலந்த ஒருவர் இருக்கிறார்.

மாணவரின் நோட்டுக்கு வருவோம். அவர் எடுத்த எண்களில் பல, கடைசி மூன்று நான்கு ஆட்டங்களின் சராசரிகள். இருபது ஓவர் ஆட்டத்தில் ஒருவர் வீசுவது 24 பந்து. நான்கு ஆட்டத்துக்கு 96 பந்து. அதில் விழும் ஆறேழு விக்கெட்டில் ஒரு பிடி நழுவினாலும் சராசரி தலைகீழாகும். நாம் அவருக்குப் புத்தகக் கிரிக்கெட்டை நினைவூட்டினோம். பாடநூலைக் கண்மூடித் திறந்து இடப்பக்க எண்ணின் கடைசி இலக்கத்தைப் பார்ப்பது. 2, 4, 6 அவ்வளவு ஓட்டம். 8 என்றால் எங்கள் பக்கத்தில் ஓர் ஓட்டம். சுழி என்றால் அவுட். ஐந்துக்கும் சம வாய்ப்பு. ஆகவே விக்கெட்டுக்குப் பதின்மூன்று ஓட்டம் என்பதே நெடுங்காலச் சராசரி. கணிதத் துறை நண்பர் ஒருவரின் யோசனைப்படி, மாணவரையே பத்துக் கற்பனைப் பந்துவீச்சாளர்களுக்குத் தலைக்கு 24 முறை புத்தகத்தைத் திறக்கச் சொன்னோம். ஒருவருக்குச் சராசரி ஏழு வந்தது, இன்னொருவருக்கு முப்பதைத் தாண்டியது. பத்துப் பேரும் அதே புத்தகம். மாணவர் வெகுநேரம் பேசவில்லை.

சட்டமும் இதே கேள்வியில்தான் அலைக்கழிந்தது. 1996இல் கே.ஆர். லட்சுமணன் வழக்கில், சென்னைக் குதிரைப் பந்தயம் பெரிதும் திறன் சார்ந்தது, சூதன்று என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த அளவுகோலைப் பற்றிக்கொண்டே கற்பனை அணிப் பந்தயங்கள் வளர்ந்தன. 2000களின் தொடக்கத்தில் தொலைக்காட்சி நடத்திய சூப்பர் செலக்டர் பரிசுப் போட்டியாக இருந்தது. 2008இல் தோன்றிய டிரீம்11 பின்னர் பணம் கட்டும் ஆட்டமாயிற்று. தமிழக அரசு பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2020 நவம்பரில் அவசரச் சட்டத்தால் தடுத்தது. அதற்குப்பின் வந்த சட்டத்தை 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் நீக்கியது. புதிய சட்டம் 2023இல் ஆளுநரின் ஒப்புதல் பெற்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணப் பந்தய இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. டிரீம்11 பணப் போட்டிகளை நிறுத்தியது. திறன் உண்டா என்று மட்டும் நீதிமன்றங்கள் கேட்டன. ஒரு பருவம் முழுதும் ஆடும் ஓக்ரெண்டின் ஆட்டத்தில் திறன் மேலே வர நேரம் இருக்கிறது. ஒரே மாலையில் முடியும் பந்தயத்தில், திறன் உள்ளவனும் புத்தகத்தைத் திறப்பவனும் ஏறக்குறைய ஒரே வரிசையில் நிற்கிறார்கள் என்பது நம் எண்ணம்.

அந்த மாணவர் தேர்வு எழுதினார். கட்டணம் எப்படிக் கட்டப்பட்டது என்பது இங்கே தேவையில்லை. ஆலை விடுமுறை நாட்களில் ஊர்ப் பையன்கள் கரிசல் காட்டில் டென்னிஸ் பந்து வைத்து ஆடும் ஆட்டங்களுக்கு இப்போது அவர்தான் ஸ்கோர் எழுதுகிறார். பந்துவீச்சாளர் பெயர், ஓவர், ஓட்டம், விக்கெட் என்ற வழக்கமான கட்டங்களுக்குப் பக்கத்தில் அவரே கோடு கிழித்து ஒரு கட்டம் சேர்த்திருக்கிறார்: "விட்ட கேட்ச்." சென்ற பொங்கல் ஆட்டத்தில் ஒரு பையனுக்கு நேரே விக்கெட் கட்டத்தில் சுழியும் இந்தக் கட்டத்தில் நான்கும் இருந்தன. அடுத்த ஆட்டத்தில் அவனுக்கே புதுப் பந்தைக் கொடுத்தார்கள்.