‘பி.யு.சி. பெயில்’ - முதல் வருடம் என்ற கண்டம்

செட்டிகுளத்தில் எங்கள் தெருப் பெரியப்பா ஒருவரை எல்லோரும் ‘பியுசி’ என்றுதான் கூப்பிடுவார்கள். சின்ன வயதில் அதை அவருடைய இனிஷியல் என்றே நினைத்திருந்தேன். அறுபதுகளின் கடைசியில் திருச்சிக்குப் போய் பி.யு.சி. படித்து, பெயிலாகி, ஊர் திரும்பியவர் என்பது பிறகுதான் தெரிந்தது. ஐம்பது வருடம் வெங்காயம் போட்டார், கிணறு வெட்டினார், இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தார். அந்தப் பெயர் மட்டும் போகவே இல்லை.

இந்தப் பதிவு அந்தப் பெயரின் வரலாறு.

1950களின் நடுவில், இரண்டு வருட இன்டர்மீடியட் போய் ஒரு வருட புகுமுக வகுப்பு, அதாவது பி.யு.சி., வந்தது. பதினோராம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பையன், பதினாறு வயதில் நேராகக் கல்லூரிக்குள் போவான். பெரம்பலூர் அப்போது திருச்சி மாவட்டத்தில் ஒரு தாலுகா. கல்லூரி என்றால் பெரும்பாலும் திருச்சிதான்: செயின்ட் ஜோசப், நேஷனல், ஜமால் முகமது. அரியலூரில் அரசுக் கல்லூரி வந்ததே அறுபதுகளில்தான். அதுவரை தமிழில் படித்தவனுக்குத் திடீரென்று பாடமெல்லாம் ஆங்கிலத்தில். புது ஊர், மெஸ் சாப்பாடு, பழகி முடிப்பதற்குள் பல்கலைக்கழகப் பரீட்சை. தேறாதவன் மூட்டையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவான்.

1978ல் தமிழ்நாட்டில் பி.யு.சி. ஒழிந்து, மேல்நிலைப் பள்ளிகளில் பிளஸ் ஒன் தொடங்கியது. 1980 மார்ச்சில் முதல் பிளஸ் டூ தேர்வு. இதைப் பாடத்திட்ட மாற்றமாகத்தான் பொதுவாகச் சொல்கிறோம். எங்கள் மாதிரி ஊர்களுக்கு அது வேறு விஷயம். பதினாறு வயதுப் பையன் இன்னும் ஒரு வருடம் வீட்டுச் சோறு சாப்பிட்டுக்கொண்டு, தெரிந்த வாத்தியாரிடம் படிக்கலாம் என்று ஆனது. ஆனால் கண்டம் நீங்கிவிடவில்லை, தள்ளிப்போனது.

சாட்சி நானே. 1998ல் நுழைவுத் தேர்வு எழுதி பி.ஈ. சேர்ந்தேன். அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். முதல் வருட முடிவில் மூன்று அரியர். பள்ளிக்கூடத்தில் பெயிலானால் அதே வகுப்பில் மறுபடி உட்கார வேண்டும் அல்லவா, இதுவும் அப்படித்தான் என்று நினைத்து ஊருக்கு வந்துவிட்டேன். “வெங்காயம் பிடுங்க ஆள் பத்தல, இருந்துக்க”ன்னு அப்பா சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, அவருக்கும் தெரியாது. பக்கத்து ஊர் சீனியர் ஒருத்தர் வீடு தேடி வந்து, “டேய், அரியரை வச்சிக்கிட்டே அடுத்த வருசம் போகலாம்டா. பணத்தைக் கட்டு, திரும்ப எழுது, அவ்வளவுதான்” என்றார். அந்த ஒரு வாக்கியம் இல்லையென்றால் நான் இன்று மென்பொருள் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

பல வருடம் கழித்துப் பெரியப்பாவிடம் கேட்டேன், எதில் போச்சு என்று. “இங்கிலீசு மட்டும்தான்.” செப்டம்பரில் திரும்ப எழுத முடியுமே? “அது எனக்கு அடுத்த வருசம்தான் தெரிஞ்சுது. அதுக்குள்ள ஏர் புடிச்சாச்சு.”

இரண்டு தலைமுறை, ஒரே ஓட்டை. புத்தி குறைவால் வந்ததில்லை இது. கேட்க ஆளில்லாததால் வந்தது.

இந்த ஓட்டையை அடைக்க முயற்சிகள் நடக்காமல் இல்லை. சேவியர் அல்போன்ஸ் என்ற இயேசு சபைப் பாதிரியார் முன்னெடுத்து, 1996ல் சென்னையில் ஒரு சமுதாயக் கல்லூரி தொடங்கியது. அமெரிக்காவில் 1901லேயே ஜோலியட் என்ற ஊரில் ஆரம்பித்த கல்லூரி வகையின் நம்ம ஊர் வடிவம். படிப்பை விட்டவர்களும் சேரலாம். தொழில் கற்றுக்கொடுப்பதோடு, தயங்காமல் பேசுவது, நேரத்தைப் பிரித்துக்கொள்வது, பிரச்சினையைச் சமாளிப்பது போன்ற வாழ்க்கைத் திறன்களையும் பாடமாகவே வைத்தார்கள். வந்தவனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளாததுதான் அதன் சிறப்பு.

அரசின் பணம் போன விதமும் மாறியது. 1989ல் வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திட்டம், ஓரளவு படித்த ஏழைப் பெண்களுக்குக் கல்யாணத்தின்போது உதவித்தொகை கொடுத்தது. 2022 செப்டம்பரில் அதே அம்மையார் பெயரில் அது ‘புதுமைப் பெண்’ ஆனது: ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு, கல்லூரிப் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய். 2024 ஆகஸ்டில் பையன்களுக்கும் ‘தமிழ்ப் புதல்வன்’ வந்தது. தொகை பெரிதில்லைதான். ஆனால் கல்யாணத்தில் ஒரே தடவை வந்த பணம், இப்போது படிக்கிற ஒவ்வொரு மாதமும் வருகிறது. படிப்பைத் தொடர்ந்தால்தான் வரும். இது பெரிய மாற்றம் என்று நினைக்கிறேன்.

இது மட்டும் போதுமா? நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் தன் சமுதாயக் கல்லூரிகளில் 2007ல் ‘அசாப்’ என்று ஒரு திட்டம் தொடங்கியது. மெட்ரோ ரயில் பாஸ், பாடப்புத்தகம், கட்டணத்தில் விழும் துண்டுக்கு உதவி, இவற்றோடு ஒவ்வொருவருக்கும் ஓர் ஆலோசகர். வழக்கமாக ஓர் ஆலோசகர் தலையில் 600க்கு மேற்பட்ட மாணவர்கள். இங்கே 60 முதல் 80 பேர். குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். இரண்டு வருடப் படிப்பை மூன்று வருடத்துக்குள் முடித்தவர்கள், திட்டத்தில் இல்லாதவர்களில் 22 சதவீதம், திட்டத்தில் இருந்தவர்களில் 40 சதவீதம்.

அந்தப் பட்டியலைப் பார்த்தால் பாதி நம்மிடம் இருக்கிறது. அரசுக் கல்லூரிக்கு பஸ் பாஸ் இருக்கிறது, மாத உதவி இருக்கிறது. கையைப் பிடித்துச் சொல்கிற ஆள்தான் குறைவு. எனக்கு ஒரு சீனியர் கிடைத்தது அதிர்ஷ்டம். எல்லோருக்கும் அதிர்ஷ்டத்தை நம்பச் சொல்ல முடியாது.

போன வருடத்திலிருந்து நாங்கள் நாலைந்து பேர் ஒரு வேலை செய்கிறோம். எங்கள் தெருக்களிலிருந்து முதல் வருடம் சேர்ந்த பிள்ளைகளுக்கு, முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்த வாரம் போன் போடுகிறோம். கேட்பது மூன்றே கேள்வி: எத்தனை அரியர்? பணம் கட்டக் கடைசித் தேதி தெரியுமா? வீட்டில் சொல்லிட்டியா? மூன்றாவது கேள்விக்குத்தான் பெரும்பாலும் மௌனம். அங்கேதான் பேச்சு ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

உங்கள் ஊரிலும் ஒரு ‘பியுசி’ பெரியப்பா இருப்பார். எந்தப் பாடத்தில் போச்சு என்று கேட்டுப் பாருங்கள். அப்படியே, தெருவில் இந்த வருடம் கல்லூரி சேர்ந்த பிள்ளைக்கும் ஒரு போன் போடுங்கள்.