தும்மலுக்கு அஞ்சி மலையேறியவர்கள்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆகஸ்ட் பாதி கடந்ததும் பாஸ்டன், நியூயார்க் நகரங்களின் வசதியான குடும்பங்கள் சில பெட்டி கட்டிக்கொண்டு ரயிலேறும். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஒயிட் மவுண்டன்ஸ் மலைப்பகுதிக்குப் போனால் உறைபனி விழும்வரை ஊர் திரும்ப மாட்டார்கள். அவர்களைத் துரத்தியது மூக்கொழுகலும் ஓயாத தும்மலும். ஹே ஃபீவர் என்றார்கள் அந்த நோயை.

லண்டன் மருத்துவர் ஜான் போஸ்டாக் 1819இல் தன் சொந்த அவதியையே மருத்துவக் கட்டுரையாக்கினார். அவர் கோடை வெப்பத்தின் மீதே பழி போட்டார். மகரந்தத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியவர் மான்செஸ்டரின் சார்லஸ் பிளாக்லி. அவரும் நோயாளிதான். காற்றாடி பறக்கவிட்டு உயரத்தில் மிதக்கும் மகரந்தத்தைப் பிடித்தார். தன் மூக்கிலேயே அதைச் சோதித்து 1873இல் நூலாக வெளியிட்டார்.

அமெரிக்காவில் அந்தத் தேடல் ராக்வீட் என்ற களைச்செடியில் போய் நின்றது. நம் ஊர்த் தரிசுகளை நிறைக்கும் பார்த்தீனியத்துக்கு நெருங்கிய உறவு அது. ஹார்வர்டு மருத்துவர் மாரில் வைமன், பாஸ்டனை அடுத்த கேம்பிரிட்ஜில் பறித்த ராக்வீட்டைப் பொட்டலமாகக் கட்டி மலைக்கு எடுத்துப்போனார். அங்கே அதை முகர்ந்ததும் அவரும் மகனும் தும்மத் தொடங்கினர். நோய் தீண்டாத ஊர்களை வரைபடத்தில் குறித்து 1872இல் அவர் வெளியிட்ட நூல், தப்பியோட விரும்பியவர்களுக்கு வழிகாட்டியானது.

1874இல் பெத்லஹேம் என்ற மலையூரில் அமெரிக்க ஹே ஃபீவர் சங்கம் பிறந்தது. பெரிய விடுதிகள் எழுந்தன, மாலையில் இசைக்குழுக்கள் வாசித்தன. புகழ்பெற்ற போதகர் ஹென்றி வார்டு பீச்சரும் நோயாளியாகவே பக்கத்து ட்வின் மவுண்டனுக்கு வந்தார். அவர் பிரசங்கத்தைக் கேட்கவே கூட்டம் கூடியது. இது படித்தவர்களின், நரம்பு மென்மையானவர்களின் நோய் என்று பெருமைப்பட்டவர்களும் உண்டு. வயலில் நின்ற கூலியாளுக்கும் மூக்கு ஒழுகியிருக்கும், ஆனால் ஆறு வாரம் விடுதியில் தங்க அவனிடம் காசு ஏது? இதில் ஒரு முரணும் உண்டு: கொத்திக் கிளறிய மண்ணில்தான் ராக்வீட் செழிக்கும். நோயாளிகளைச் சுமந்துபோன இருப்புப்பாதைக்காகவும் மண்ணைக் கிளறத்தான் வேண்டியிருந்தது!

1911இல் லண்டனில் லியனார்ட் நூன் புல் மகரந்தச் சாற்றைச் சிறுகச் சிறுக ஊசியாகச் செலுத்தும் சிகிச்சையை அறிவித்தார். பிற்காலத்தில், தும்மலைத் தூண்டும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைத் தடுக்கும் மாத்திரைகளும் குளிரூட்டியும் வந்ததும், மலைக்கு ஓடும் அவசரம் குறைந்தது.

ஆனால் உடலுக்குள் நடப்பது என்ன என்ற கேள்விக்கு விடை கிடைத்தது இன்னொரு புகலிடத்தில். டென்வரில், நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் ஆஸ்துமாக் குழந்தைகளை வரவழைத்துத் தங்கவைத்த மருத்துவமனையின் ஆய்வகம் அது. ராக்வீட் ஒவ்வாமை கொண்டவர்களின் ரத்தத்தை ஆராய்ந்த கிமிஷிகே இஷிசாகாவும் மனைவி தெருகோவும், தங்கள் தோலிலேயே ஊசி போட்டுப் பார்த்து, 1966இல் ஐஜிஈ என்ற எதிர்ப்பொருளை அறிவித்தனர்.

உடலின் திசுக்களில் உள்ள மாஸ்ட் செல்கள் என்ற தற்காப்புச் செல்களின் மேல் இந்த ஐஜிஈ காத்துக் கிடக்கிறது. மகரந்தப் புரதம் வந்து பக்கத்துப் பக்கத்து எதிர்ப்பொருள்களைப் பிணைத்ததும், அவற்றைத் தாங்கும் ஏற்பிகள் ஒன்றுகூடுகின்றன. லின், சிக் என்னும் நொதிகள் சமிக்ஞையை உள்ளே கடத்த, செல்லுக்குள் கால்சியம் ஏறுகிறது. சில நிமிடங்களில் ஹிஸ்டமின் வெளியே கொட்டுகிறது, தும்மல் தொடங்குகிறது. 2003இல் அமெரிக்காவில் ஆஸ்துமாவுக்கு அனுமதி பெற்ற ஓமலிசுமாப் ஊசி, ஐஜிஈ மாஸ்ட் செல்லில் போய் ஒட்டுவதற்கு முன்பே அதைப் பிடித்துக்கொள்கிறது.