விருப்பப் பட்டியல் எதற்குச் சான்று? சிவகிரி வட்டாரத்தை முன்வைத்து ஒரு மறுவாசிப்பு

முதல் தலைமுறைப் பட்டதாரிகளின் உயர்கல்வித் தேர்வை ஆராய்ந்தோரில் ஒரு சாரார், சிற்றூர் மாணவர்கள் தமக்குக் கிடைக்கக்கூடியதைவிடக் குறைவானதையே கேட்கின்றனர் என்றும், ஆகவே தொண்டு நிறுவனங்களின் முதற்பணி அவர்களது ஆசையை விரிவாக்குவதே என்றும் கூறிவந்துள்ளனர். இம்முடிவுக்கு அவர்கள் காட்டும் சான்று, பொறியியல் கலந்தாய்வுக்காக மாணவர் நிரப்பும் விருப்பப் பட்டியல், அதாவது கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் முன்னுரிமைப்படி அடுக்கித் தரும் வரிசை. அச்சான்று அவ்வளவு பாரத்தைத் தாங்குமா என்பது ஐயத்துக்குரியது.

2018இல் கலந்தாய்வு இணையவழிக்கு மாறும் முன், மாணவர் நேரில் சென்று, திரையில் தெரியும் காலியிடங்களிலிருந்து ஒன்றைத் தேர்ந்தார். இன்றோ, தம் முறை வரும்போது எது மிஞ்சியிருக்கும் என்று தெரியாமலே முழு வரிசையையும் முன்கூட்டி எழுதித்தர வேண்டியுள்ளது. தரவரிசைப்படி அவர் முறை வந்ததும், கணினி பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, இடமிருக்கும் முதல் விருப்பத்தை ஒதுக்குகிறது. ஆகவே எட்டாத கல்லூரியை முதலில் எழுதுவதால் கீழே எழுதிய கல்லூரி கைநழுவுவதில்லை. இந்த ஒரு விதி விளங்காத வீட்டில், பெரியதற்கு ஆசைப்பட்டால் கையில் இருப்பதும் போய்விடும் என்ற அச்சமே வரிசையைத் தீர்மானிக்கிறது.

தென்காசி மாவட்டம் சிவகிரியில், ஏதோவொரு பிரவுசிங் சென்டரில் நிரப்பப்படும் பட்டியலில், ராஜபாளையத்துத் தனியார் கல்லூரி முதலிலும் திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரி அதற்குக் கீழும் இருப்பதாகக் கொள்ளலாம். ஆசை சுருங்கியதன் அடையாளமாக இது வாசிக்கப்படும். ஆனால் மதுரை–கொல்லம் சாலையில் ராஜபாளையம் பக்கத்து ஊர். மகள் காலையில் பஸ் ஏறி மாலையில் வீடு திரும்பலாம். திருநெல்வேலி என்றால் விடுதி, விடுதி என்றால் மாதந்தோறும் மெஸ் பில். இவ்வரிசை ஆசைக்குறைவால் விளைந்திருக்கலாம், விதி விளங்காத அச்சத்தால் விளைந்திருக்கலாம், நன்கு எண்ணிப் பார்த்த வீட்டுக் கணக்காலும் விளைந்திருக்கலாம். தாளில் மூன்றும் ஒன்றுபோலவே தெரியும். ஊக்க உரை இவற்றுள் முதலாவதை மட்டுமே தொடுகிறது.

மூன்றையும் ஓரளவு பிரித்தறிய, தற்காலிக ஒதுக்கீட்டுக்குப் பின் மாணவர் தரும் ஒப்புதலையும் பட்டியலோடு சேர்த்துப் படிக்க வேண்டும். கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டே பட்டியலில் அதற்கு மேலுள்ள விருப்பத்துக்குக் காத்திருக்கவும் அங்கு வழியுண்டு. அவ்வாறு காத்திருப்பவரை ஆசை குறைந்தவர் என்று எவ்வாறு சொல்ல இயலும்?

கைபேசியிலேயே எல்லாத் தகவலும் கிடைக்கிறதே என்பது வலுவற்ற மறுப்பு: அதில் முதலில் கண்ணில் படும் சென்ற ஆண்டுக் கட்-ஆஃப் மதிப்பெண்ணே அச்சத்தை வளர்க்கிறது. அரசே கட்டணத்தை ஏற்கிறதே என்பது கவனிக்கத்தக்க மறுப்புதான். எனினும் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசு ஏற்கும் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு எல்லோருக்கும் கிடைப்பதில்லை. அது ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் பயின்றோருக்கு உரியது, அரசு உதவிபெறும் பள்ளியில் பயின்ற பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இல்லை.

இந்நோக்கில், அகரம் அறக்கட்டளை 2010இல் தொடங்கிய ‘விதை’ திட்டத்தின் சிறப்பு, பெரும்பாலும் புகழப்படுவது போல அது ஊட்டும் நம்பிக்கையில் மட்டும் இல்லை. தன்னார்வலர்கள் விண்ணப்பித்தவரின் வீட்டுக்கே சென்று குடும்ப நிலையை அறிவதும், தேர்ந்தெடுக்கப்பட்டோரின் படிப்புச் செலவுக்கு வழிசெய்வதும் அந்த வீட்டுக் கணக்கையே மாற்றுகின்றன. 2022இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தின் வழிகாட்டல் பரப்பில் மிகப் பெரியது. ஆயினும் வகுப்பறையில் அனைவருக்கும் பொதுவாகச் சொல்லப்படுவது ஒரு வீட்டின் மெஸ் பில்லைக் கணக்கிடாது. சிவகிரி போன்ற ஊர்களில் பணியாற்றும் சிறு அமைப்பு, மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் ஆகும் செலவைத் தவிர்த்து, பட்டியல் நிரப்பும் நாட்களில் ஒருவரை மாணவிக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு கல்லூரிக்கும் எதிரே பஸ் நேரத்தையும் விடுதிச் செலவையும் எழுதச் செய்து, அதன் பின்னரே வரிசையை அடுக்கச் சொல்வது இயலாத காரியமன்று.