வீடு தேடி வந்த பயிற்சி

ஆட்டிசம், ஏ.டி.எச்.டி., அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடு ஆகியவற்றோடு வளரும் குழந்தைக்குக் கவனத்தையும் நினைவையும் மொழியையும் வீட்டிலேயே பழக்கும் முறை, வீட்டுக் கணினிக்கு முந்தியது. 1969இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், போர்ட்டேஜ் என்ற சிற்றூரில் அது உருப்பெற்றது. அங்கே குடும்பங்கள் தொலைதூரங்களில் சிதறியிருந்ததால் மையம் வைத்துப் பயனில்லை. பயிற்றுநர் வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போய் அந்த வாரத்துக்கான செயலைச் செய்துகாட்டுவார். அன்றாடம் பழக்குவது பெற்றோர். சென்னையில் ஜெயச்சந்திரனும் விமலாவும் வகுத்த மெட்ராஸ் வளர்ச்சித் திட்டமிடல் முறை, குழந்தையின் திறன்களை 18 துறைகளில் 360 செயல்களாகப் பிரித்தது. எதை எட்டியிருக்கிறது, அடுத்து எதைப் பழக்கலாம் என்று அதைக்கொண்டு குறிக்கலாம்.

மதுரைச் சமவெளியில் வீட்டிலேயே பழக்கும் தேவை வெளிப்படையானது. பேரையூரிலோ உசிலம்பட்டியிலோ இருக்கும் தாய்க்கு நகரத்துப் பயிற்சி என்றால் பேருந்துச் செலவோடு ஒரு நாள் கூலியும் போகும், அதுவும் வாரந்தோறும்.

தொலைத்தொடர்பு இங்கே முந்தியே வந்தது. 2001இல் சென்னை ஐ.ஐ.டி.யும் என்-லாக் நிறுவனமும் மேலூர் வட்டாரக் கிராமங்களில் கம்பியில்லா இணைய மையங்களை அமைத்தன. அங்கிருந்து கேமராவில் எடுத்த கண்படம் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போனது. சில ஆண்டுகளில் பல மையங்கள் மூடப்பட்டன. கண்ணுக்கு ஒரு படம் பல நேரம் போதும். குழந்தையின் கவனத்தைப் படத்தில் பிடிக்க முடியாது. அதை வாரக்கணக்கில் பார்த்திருக்க வேண்டும், பார்ப்பவருக்கும் வழிகாட்ட வேண்டும். வளர்ச்சிப் பயிற்சி கண் மருத்துவத்துக்குப் பின்தங்கியதற்கு அதுவே முக்கியக் காரணம் எனலாம்.

அந்த இடைவெளிக்கு விடை மதுரைக்குத் தென்மேற்கே, ஆய்க்குடியில் கிடைத்தது. 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981இல் அங்கு அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அதன் சமூக மறுவாழ்வுப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று பெற்றோருக்குப் பயிற்சி கற்றுத் தருகின்றனர். பிற்காலத்தில் ‘எனேபிளிங் இன்க்ளூஷன்’ என்ற செயலியும் அவர்கள் கைக்கு வந்தது. குழந்தையின் முன்னேற்றத்தை அதில் பதிவதால், தொலைவிலுள்ள சிகிச்சையாளர் அதைப் பார்த்துத் திட்டத்தைத் திருத்த முடிகிறது. போர்ட்டேஜ் முறையில் முன்பு தாளில் பதிந்த அட்டவணைதான் இங்கே திரைக்கு மாறியிருக்கிறது.

2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியது. அதே நாளில் நடுவண் அரசு தொலைமருத்துவ நெறிமுறைகளை வெளியிட்டது. பயிற்சி மையங்கள் மூடியிருந்த மாதங்களில் வீடியோ அழைப்பே பல வீடுகளுக்கு வழியாயிற்று.

கணினியே பயிற்றுநராகும் முறைக்கு வேறு வரலாறு உண்டு. சுவீடனின் டோர்கெல் கிளிங்பெர்க் குழு, ஏ.டி.எச்.டி. உள்ள 53 குழந்தைகளைக் கொண்டு செய்த ஆய்வை 2005இல் வெளியிட்டது. நினைவுப் பயிற்சியால் பலன் தெரிந்தது. 2013இல் மெல்பி-லெர்வோக், ஹியூம் இருவரும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பழகிய வகைச் சோதனைகளில் உடனடியாகக் கிடைத்த ஏற்றம் படிப்பு, கணக்கு போன்ற திறன்களுக்குப் பரவவில்லை. பெற்றோரின் கூடவே இருந்து வழிகாட்டும் பயிற்றுநர் இல்லாமல், விளையாட்டுச் செயலியை மட்டும் காசு கொடுத்து வாங்குவதற்கு இந்தச் சான்றுகள் போதா.