வானத்தின் கணக்கு – 4: கசிந்த வாயு

வீரபத்ரன் ராமநாதன் அமெரிக்காவின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்துக்கு 1970ல் போய்ச் சேர்ந்ததைப் பார்த்தோம். படிக்கப் போனது ஒளிக்குறுக்கீட்டு அளவியல். ஆனால், வழிகாட்டி ராபர்ட் செஸ் தன் ஆய்வையே மாற்றிக்கொண்டு கோள்களின் வளிமண்டலத்துக்குத் தாவிவிட்டார். மாணவரும் பின்தொடர வேண்டியதாயிற்று.

சென்னையில் பிறந்தவர், 11 வயதில் பெங்களூருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே வகுப்பறையில் தமிழ் இல்லை, ஆங்கிலம். ஆசிரியர் சொல்வதைக் கேட்பதை விட்டுவிட்டு, எதையும் தானாகவே யோசித்து விளங்கிக்கொள்ளப் பழகினார். அந்தப் பழக்கம் இப்போது கைகொடுத்தது. 1974ல் முனைவர் பட்டம். அடுத்து நாசாவின் லாங்லி மையம்.

அதே ஆண்டுதான் வேதியியலாளர்கள் மொலினாவும் ரோலண்டும் குளோரோஃபுளூரோகார்பன்கள் ஓசோனை அரிக்கும் என்று எச்சரித்தார்கள். ராமநாதனுக்கு அவை பழைய பரிச்சயம். செகந்திராபாத்தில் ஒரு ஃபிரிட்ஜ் தொழிற்சாலையில் இளம் பொறியாளராக அவர் பார்த்த வேலையே அந்த வாயு கசியாமல் தடுப்பதுதான். கசிந்து மேலே போனது ஓசோனைத் தின்னட்டும். வெப்பத்தை என்ன செய்யும்?

பூமி விண்வெளிக்கு அனுப்பும் வெப்பக் கதிர்களில் ஒரு பகுதி, ஏறத்தாழ 8 முதல் 12 மைக்ரான் அலைநீளம் கொண்டவை, நீராவியிடமும் கரியமில வாயுவிடமும் அதிகம் சிக்காமல் வெளியேறிவிடும். வானத்தில் திறந்து கிடக்கும் ஜன்னல் அது. குளோரோஃபுளூரோகார்பன்கள் உறிஞ்சுவது சரியாக அந்த இடத்தில்தான்! இவற்றின் ஒரு மூலக்கூறு, கரியமில வாயுவின் ஏறக்குறைய 10,000 மூலக்கூறுகளுக்குச் சமம் என்று விடை வந்தது. 1975 அக்டோபரில் ‘சயன்ஸ்’ இதழ் அதை வெளியிட்டது. கட்டுரையில் இருந்தது அவர் ஒருவர் பெயர் மட்டுமே. பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவுக்குக் கூட்டாளிகள் உண்டு என்பது அம்பலமானது.

இதைவிடத் துணிச்சலானது, என் பார்வையில், 1980ல் அவர் செய்ததுதான். காலநிலை ஆய்வாளர் ரோலண்ட் மேடனுடன் சேர்ந்து கெடுவே விதித்தார்: 2000ஆம் ஆண்டுக்குள் வெப்ப உயர்வு அளவீடுகளில் தெரிந்துவிட வேண்டும். பொய்த்தால் ஒளிந்துகொள்ள இடமே இல்லாத வாக்கு.

கெடு நெருங்கியது. 1999ன் தொடக்கத்தில், வளிமண்டல வேதியியலாளர் பால் குருட்சனோடு அவர் தலைமையேற்ற ஆய்வுக்குழு மாலத்தீவுக் கடல்மேல் விமானங்களைப் பறக்கவிட்டது. நீலக்கடலுக்கு மேல் பழுப்பு மூட்டம், 3 கிலோமீட்டர் உயரம் வரை! கடலில் விழ வேண்டிய வெயிலில் ஒரு பங்கு வந்தே சேரவில்லை. பூமி சூடாகிறது என்று வாக்குக் கொடுத்தவரின் கண்முன்னே, கடலைக் குளிர்விக்கும் திரை.

காற்று வடக்கிலிருந்து வீசிக்கொண்டிருந்தது. அந்தத் திசையில் இருந்தது அவர் பிறந்த நாடு. அங்கே எரிந்துகொண்டிருந்தது எது?

(தொடரும்)