பக்க அட்டவணை ஒத்திசைவு (லினக்ஸ் கெர்னல்)

கெர்னலின் நினைவகப் பகுதியில் நேரும் மாற்றம் எல்லாப் புராசஸ்களின் பக்க அட்டவணைகளிலும் ஒன்றுபோலத் தெரியும்படி பார்த்துக்கொள்ளும் வேலையே பக்க அட்டவணை ஒத்திசைவு. ஒரு மெய்நிகர் முகவரி எந்த நினைவகப் பக்கத்தைக் குறிக்கிறது என்று சொல்லும் அட்டவணை ஒவ்வொரு புராசஸுக்கும் தனித்தனியாக உண்டு. கெர்னலோ ஒன்றுதான். எந்தப் புராசஸின் சார்பில் ஓடினாலும் அதன் தரவு அதே முகவரியில் கிடைத்தாக வேண்டும்.

இந்தச் சிக்கல் எல்லா வன்பொருளிலும் இல்லை. 1977இல் வந்த வாக்ஸ்-11/780 கணினியில், முகவரிவெளியின் மேல்பாதி இயங்குதளத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அதற்கென்று தனி அட்டவணையும் அதைச் சுட்டத் தனிப் பதிவகமும் இருந்தன. 64 பிட் ஆர்ம் செயலிகளும் பயனருக்கு ஒன்று, கெர்னலுக்கு ஒன்று என இரண்டு பதிவகங்கள் வைத்திருக்கின்றன. அங்கே கெர்னல் அட்டவணை ஒரே பிரதி என்பதால் ஒத்திசைக்க எதுவும் இல்லை. 1985இல் வந்த இன்டெல் 80386 அப்படிச் செய்யவில்லை. சிஆர்3 என்ற ஒரே பதிவகம், ஒரே அட்டவணை. பயனரும் கெர்னலும் அதற்குள்ளேயே இடம் பகிர வேண்டும். எக்ஸ்86 லினக்ஸின் தொல்லை முழுவதும் இங்கிருந்துதான் வருகிறது.

32 பிட் லினக்ஸில் வழக்கமான பங்கீடு பயனருக்கு 3 ஜிபி, கெர்னலுக்கு 1 ஜிபி. அட்டவணைக்கு இரண்டு மட்டங்கள்: மேல்மட்டத்தில் 1024 பதிவுகள், ஒவ்வொன்றும் 4 எம்பிக்கான ஒரு கீழ்மட்ட அட்டவணையைச் சுட்டும்; கடைசி 256 பதிவுகள் கெர்னலுக்கு உரியவை. புதிய புராசஸ் பிறக்கும்போது அந்த 256 பதிவுகளும் கெர்னல் தனக்கென வைத்திருக்கும் மூல அட்டவணையிலிருந்து நகலெடுக்கப்படும். கீழ்மட்ட அட்டவணைகள் எல்லோருக்கும் பொது என்பதால் அங்கே நடக்கும் மாற்றம் தானாகவே எல்லோருக்கும் தெரிந்துவிடும். மேல்மட்டத்தில் புதுப் பதிவு சேரும்போதுதான் வம்பு. அதைச் சேர்ப்பது பெரும்பாலும் விமாலக். சிதறிக் கிடக்கும் பக்கங்களைத் தொடர்ச்சியான முகவரிகளில் கோத்துத் தரும் இந்த ஏற்பாட்டில்தான் கெர்னல் மாட்யூல்கள் ஏற்றப்பட்டன.

1999இல் வெளியான 2.2 பதிப்பு நேர்வழியில் போயிற்று. புதுப் பதிவு வந்ததும் பட்டியலிலுள்ள எல்லாப் புராசஸ்களையும் சுற்றிவந்து ஒவ்வொரு அட்டவணையிலும் எழுதியது. மறுபயன்பாட்டுக்காகச் சேர்த்து வைத்திருந்த அட்டவணைகளையும் விடவில்லை. 2001இல் வந்த 2.4 பதிப்பு இந்தச் சுற்றைக் கைவிட்டது. மாற்றம் மூல அட்டவணையில் மட்டும் எழுதப்படும். ஏதாவது ஒரு புராசஸ் அந்த முகவரியைத் தொட்டு, அது தன் அட்டவணையில் இல்லாததால் பேஜ் ஃபால்ட் எழும்போது, மூலத்திலிருந்து ஒரு பதிவை நகலெடுத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நடப்பு அட்டவணை எது என்பதை புராசஸ் விவரத்திலிருந்து எடுக்காமல் சிஆர்3இலிருந்தே படித்தார்கள், ஏனெனில் புராசஸ் மாறிக்கொண்டிருக்கும் நடுவிலும் இந்த ஃபால்ட் வரக்கூடும். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆனால் கெர்னல் எந்த இடத்திலும் பேஜ் ஃபால்ட்டைத் தாங்கும் என்ற நம்பிக்கையின் மேல் அது நின்றது.

அந்த நம்பிக்கையில் பிற்பாடு ஒவ்வொரு பக்கமாக ஓட்டை விழுந்தது. தடுக்க முடியாத குறுக்கீடான என்எம்ஐயின் நடுவில் ஃபால்ட் எழுந்தால், அதிலிருந்து திரும்பும் ஐரெட் கட்டளை அடுத்த என்எம்ஐக்கு முன்கூட்டியே கதவைத் திறந்துவிடும். முதலாவதின் ஸ்டாக்கை இரண்டாவது அழித்துவிடும். மாத்தியூ டெனுவாயே, ஸ்டீவன் ராஸ்டெட் போன்ற டிரேசிங் துறையினர் 2010 வாக்கில் இதோடு மல்லுக்கட்டினார்கள். அடுக்கடுக்காக வரும் என்எம்ஐகளைச் சமாளிக்கும் ராஸ்டெட்டின் தீர்வு 2012இல் 3.3 பதிப்பில் சேர்ந்தது. 2016இன் 4.9 பதிப்பில் ஆண்டி லுடமிர்ஸ்கி கெர்னல் ஸ்டாக்குகளையே விமாலக் பகுதிக்கு மாற்றினார். ஸ்டாக்கின் முகவரியே அட்டவணையில் இல்லையென்றால் ஃபால்ட்டைக் கையாளவும் ஸ்டாக் கிடையாது; டபுள் ஃபால்ட்தான். ஆகவே அட்டவணை மாறும் கட்டத்திலேயே ஸ்டாக்கின் பதிவை முன்கூட்டி நகலெடுக்கும் சிறப்பு ஏற்பாடு தேவைப்பட்டது.

கெர்னலின் நினைவகத்தைப் பயனர் நிரல் படிக்க வழிவிட்ட மெல்ட்டவுன் என்ற செயலிக் குறைபாடு 2018 ஜனவரியில் வெளியானபின் ஒவ்வொரு புராசஸுக்கும் இரண்டு மேல்மட்ட அட்டவணைகள் வந்தன: கெர்னலில் ஓடும்போது முழு அட்டவணை, பயனர் நிலையில் கெர்னலின் நுழைவாயில் அளவே தெரியும் அட்டவணை. 64 பிட்டில் இரண்டும் அடுத்தடுத்த 4 கேபி பக்கங்கள். சிஆர்3இல் ஒரு பிட்டை மாற்றினால் போதும். பயனர் பகுதிப் பதிவை மட்டும் இரண்டிலும் எழுத வேண்டியதாயிற்று. 32 பிட்டுக்கு இதைக் கொண்டுவந்தவர் ஜெர்மானியப் பொறியாளர் யோர்க் ரோடல், அது 4.19 பதிப்பில் சேர்ந்தது.

ஒத்திசைவின் பழைய கணக்குகளையும் பெரும்பாலும் அவரே தீர்க்க நேர்ந்தது. 32 பிட்டில் நீக்கப்பட்ட பதிவுகள் மற்ற அட்டவணைகளில் தங்கிவிடுவதைத் தடுக்க, 2019இன் 5.3 பதிப்பில் அவர் சேர்த்த திருத்தம் அந்தத் தேவையே இல்லாத 64 பிட்டையும் மந்தமாக்கியது. சேர்ப்பதையும் நீக்குவதையும் தனித்தனியே பிரித்து 5.6இல் சரிசெய்தார்கள். 2020 ஆகஸ்டில் வந்த 5.8இல் ஃபால்ட் வழியையே அகற்றி, மேப்பிங் உருவாகும்போதே எல்லா அட்டவணைகளிலும் எழுதும் முறையை ரோடல் கொண்டுவந்தார். கிட்டத்தட்ட 2.2இன் வழிக்கே திரும்பியதுதான். 5.9இல் 64 பிட்டுக்கு அதுவும் வேண்டாமல் போயிற்று. அங்கே ஒரு மேல்மட்டப் பதிவு 512 ஜிபியைக் காட்டும். விமாலக்கின் 32 டிபிக்கு 64 பதிவுகளே போதும். அவற்றுக்கான கீழ்மட்ட அட்டவணைகளைக் கணினி தொடங்கும்போதே ஒதுக்கிவிட்டார்கள். செலவு 256 கேபி.

32 பிட்டில் கதை வேறு மாதிரி முடிந்தது. ஒரு சிபியு மூல அட்டவணையில் எழுதியபின், மற்ற அட்டவணைகளுக்கு நகலெடுத்து முடிப்பதற்குள் சிறு இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் இன்னொரு சிபியு அதே பதிவின் கீழ் இடம் கேட்டால், மூலத்தில் பதிவு ஏற்கெனவே இருப்பதைக் கண்டு எதையும் நகலெடுக்காமல் நகர்ந்துவிடும். தன் சொந்த அட்டவணையில் இல்லாத முகவரியைத் தொட்டு விழும். ஃபால்ட் வழி இனித் தேவையில்லை என்று நம்பியது வெகுளித்தனம் என ரோடலே திருத்தக் குறிப்பில் எழுதி, 32 பிட்டுக்கு மட்டும் அதை 5.9இலேயே திரும்பக் கொண்டுவந்தார்.