தத்ரூப இடைமுகம்

தத்ரூப இடைமுகம் என்பது செயலியின் பொத்தான், ஐகான், பின்னணி முதலியவற்றைத் தோல், மரம், உலோகம், காகிதம் போன்ற நிஜப் பொருள்களின் சாயலில் வரையும் பாணி. இத்துறையினர் இதை ஸ்கியூமார்பிசம் என்பர். கணினியில் முன்பே இருந்தாலும், கைபேசிகளில் 2007இல் ஐபோனுடன் பரவியது. ஐபுக்ஸில் மர அலமாரி, நோட்ஸில் கோடிட்ட மஞ்சள் தாள், கேம் சென்டரில் சூதாட்ட மேசையின் பச்சைத் துணி என ஆப்பிளே வழிகாட்டியது. ஐஓஎஸ் 6இன் மியூசிக் செயலியில் கைபேசியைச் சாய்த்தால், ஒலியளவுக் குமிழின் உலோகப் பளபளப்பும் கூடவே நகரும்.

இப்பாணிக்கு ஆதாரம் ஒளி. வெளிச்சம் மேலிருந்து விழுவதாகக் கொண்டு, பொத்தானின் மேல்விளிம்பில் மெல்லிய வெண்கோடும் அடியில் நிழலும் தீட்டுவர். அழுத்தியதும் நிழல் உட்புறம் மேலே மாறும். ஒரே ஓர் ஐகானில் ஒளியின் திசை பிசகினாலும் திரை முழுதும் பொய்யாகத் தெரியும்.

கூர்மை வேறு கணக்கு. முதல் ஐபோனின் திரை 320×480 பிக்சல்; அங்குலத்துக்கு 163. ஒரு பிக்சல் கனமுள்ள கறுப்புக் கோடு இரு பிக்சல்களின் நடுவே விழுந்தால், இரண்டும் பாதி நிறம் பெற்றுச் சாம்பல் பட்டையாகிவிடும். மங்கலாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். எனவே விளிம்புகளைப் பிக்சல் கட்டத்தில் உட்கார வைப்பது அவசியம். 57 பிக்சல் ஐகானை 29 பிக்சலுக்குச் சுருக்கினால் தையல் கோடுகள் கரைந்துபோகும். சிறிய அளவைத் தனியே வரைவதுதான் முறை.

2010இல் ஐபோன் 4இன் ரெட்டினா திரை 640×960 பிக்சலாக, அங்குலத்துக்கு 326 என்ற அடர்த்தியுடன் வந்தது. ஒவ்வொரு படத்துக்கும் இருமடங்கு அளவில் இன்னொரு கோப்பு தேவைப்பட்டது. சரியாக இருமடங்கு என்பதால் விளிம்புகள் கட்டத்திலிருந்து நழுவவில்லை. ஆண்ட்ராய்டில் அந்த வசதி இல்லை: 160, 240, 320, 480, 640 என அடர்த்திகள் பல, 160இல் ஒரு பிக்சலாகும் கோடு 240இல் ஒன்றரைப் பிக்சலாகும்.

தோலின் தையலைத் துல்லியமாகக் காட்டும் திரை கைக்கு வந்த மூன்றே ஆண்டுகளில் தையலுக்கு விடை கொடுத்தது ஆப்பிள். தத்ரூபத்தை ஆதரித்த ஐஓஎஸ் பிரிவுத் தலைவர் ஸ்காட் ஃபோர்ஸ்டால் விலக, வடிவமைப்பாளர் ஜோனி ஐவ் பொறுப்பில் 2013இல் ஐஓஎஸ் 7 தட்டை வடிவத்துக்கு மாறியது. எது பொத்தான், எது வெறும் எழுத்து என்ற குழப்பம் எழுந்தது, அக்குறை நியாயமானதே. கூகுளின் மெட்டீரியல் டிசைன் (2014) நிழலை மட்டும் தக்கவைத்தது. 2025இல் ஐஓஎஸ் 26இன் லிக்விட் கிளாஸ் கண்ணாடிச் சாயலைக் கொண்டுவந்தது. அதன் பளபளப்பை யாரும் படமாகத் தீட்டுவதில்லை, பின்னால் உள்ளதற்கேற்ப மென்பொருளே உடனுக்குடன் கணக்கிடுகிறது.